மாய ஊருக்கு உப்பு கொண்டு போவது யார்?

ஏழு மலை தாண்டி, ஏழு காடு தாண்டி, ஓர் ஊர் இருக்கிறது.

அந்த ஊர் எந்த ராஜாவுக்கும் தெரியாது. அங்கே சண்டை இல்லை. பசி இல்லை. வீட்டுக்குப் பூட்டு இல்லை. எல்லோரும் நூறு வயது வாழ்கிறார்கள்.

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. பொழுது சாய்ந்துவிட்டது. தறிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. ஆயா கதை சொல்கிறார். பேரன் மடியில் படுத்துக் கேட்கிறான். இப்படி ஒரு காட்சியை மனதில் நினைத்துப் பாருங்கள்.

பேரன் திடீர் என்று எழுந்து உட்காருகிறான்.

"ஆயா, அந்த ஊருக்கு உப்பு எங்கே இருந்து வரும்?"

ஆயா விழிக்கிறார்.

"உப்பா? அது அங்கேயே கிடைக்கும்டா, ராசா."

"மலைமேலே இருக்கிற ஊருன்னு சொன்னியே! மலையிலே ஏது உப்பு?"

"பேசாம படுடா! கதையிலே எல்லாம் இருக்கும்."

பையன் படுத்துவிடுகிறான். ஆனால் அவன் கேட்ட கேள்வி படுக்கவில்லை.

நாலு கேள்விகள்

பையன் கேட்டதில் தப்பு இல்லை. அவன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வீட்டுக்கு வருகிற பொருள் ஒவ்வொன்றும் எங்கோ ஓர் இடத்தில் இருந்து வருகிறது என்பது அவனுக்குத் தெரியும். எதுவும் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுவது இல்லை.

மறைந்திருக்கும் ஊரைப் பற்றிய கதைகள் ஏராளம். பாட்டிமார் சொல்கிறார்கள். நாவல்களில் வருகின்றன. சினிமாவிலும் வருகின்றன. 2018-ம் ஆண்டு வெளியான "பிளாக் பாந்தர்" என்ற படத்தில் வக்காண்டா என்று ஒரு நாடு வரும். உலகத்தின் கண்ணில் படாமல், செல்வம் கொழிக்க இருக்கும் நாடு அது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

இந்தக் கதைகள் மனதுக்கு இதமானவை. நாள் எல்லாம் உழைத்துக் களைத்தவனுக்கு, "அப்படி ஓர் ஊர் இருக்கக் கூடாதா?" என்ற ஏக்கம் வருவது இயற்கை.

ஆனால், கதை நம்பும்படி இருக்கவேண்டும் அல்லவா?

கற்பனை ஊரைக் கட்டுகிறவர் நாலு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கவேண்டும்.

ஒன்று: அந்த ஊருக்கு உப்பும் இரும்பும் எங்கே இருந்து வரும்?

இரண்டு: அந்த ஊர்க்காரர்கள் எங்கே பெண் எடுப்பார்கள்? எங்கே பெண் கொடுப்பார்கள்?

மூன்று: ஊர் இருக்கும் ரகசியம் எப்படி வெளியே போகாமல் இருக்கும்?

நான்கு: பகைவன் வந்தால் காப்பது யார்?

"சுற்றிலும் மலை இருக்கிறது" என்பது இந்த நாலில் ஒன்றுக்குக்கூடப் பதில் ஆகாது.

அப்படியானால் மறைவான, அமைதியான ஊர் என்பது வெறும் பொய்யா? இல்லை. நம்பக்கூடிய கற்பனைதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஊரின் வாசலைக் காப்பவர் யார் என்று கதை சொல்லவேண்டும். மலை காப்பாற்றாது. மந்திரம் காப்பாற்றாது. வெளியே இருக்கும் பக்கத்து ஊர்க்காரர்தான் காப்பாற்றுவார்.

ஒரு சேலையின் சாட்சி

இதற்கு முதல் சாட்சி, காஞ்சீபுரம் பட்டுச் சேலை.

"காஞ்சீபுரம் சேலை" என்றுதான் பெயர். ஆனால் பட்டு நூல் கர்நாடகத்தில் இருந்து வருகிறது. ஜரிகை குஜராத்தில் உள்ள சூரத்தில் இருந்து வருகிறது. அந்த ஜரிகைக்குள் பட்டு இழையும் வெள்ளியும் இருக்கும். மேலே தங்க முலாம் பூசி இருக்கும்.

தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அட்டையில் துளை போட்டு, பூவும் மயிலும் யானையும் விழும்படி செய்வது அதுதான். அந்தப் பெயர் யாருடையது? பிரான்சு தேசத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவருடையது. 1804-ம் ஆண்டு வாக்கில் அவர் அந்தக் கருவியை அமைத்தார்.

பட்டுப்புழு வளர்க்கும் வித்தையோ முதலில் சீனாவில் தோன்றியது.

நெசவாளர்கள் எங்கே இருந்து வந்தார்கள்? விஜயநகர அரசர்கள் காலத்தில் ஆந்திரப் பக்கம் இருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் பலர் என்று சொல்வது வழக்கம்.

காஞ்சீபுரத்துக்குச் சொந்தம் என்ன? கைத்திறமை! உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக வைத்து, இரண்டையும் கோத்து நெய்யும் கோர்வை வேலை. மூன்று நாடா போட்டு, ஒரு பக்கம் ஒருவர் துணைக்கு உட்கார்ந்து நெய்யும் வேலை. சேலை கிழிந்தாலும் கோர்வை பிரியக்கூடாது என்பது நெசவாளரின் கௌரவம்.

இந்த ஊரைச் சுற்றி ஒரு மதில் எழுப்பி, "இனி யாரும் வரவேண்டாம், யாரும் போகவேண்டாம்" என்று கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? கைத்திறமை இருக்கும். நூல் இருக்காது. வீட்டில் இருக்கும் நூல் தீர்ந்த அன்றைக்குத் தறி நின்றுவிடும்.

ஒரு சேலைக்கே இத்தனை ஊர் வேண்டும். ஓர் ஊருக்கு எத்தனை ஊர் வேண்டும்!

மலைமேல் பியானோ

நல்ல கதாசிரியர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

ஜேம்ஸ் ஹில்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1933-ம் ஆண்டு "லாஸ்ட் ஹொரைசன்" என்ற நாவலை வெளியிட்டார். திபெத்து மலைகளுக்கு நடுவே ஷாங்ரி-லா என்று ஒரு மடம். அதன் கீழே பசுமையான பள்ளத்தாக்கு. அங்கே சண்டை இல்லை. மூப்பு சீக்கிரம் வருவது இல்லை. உலகத்துக்கு அந்த இடம் தெரியாது.

அந்த மடத்தில் ஒரு பியானோ இருக்கிறது. பெரிய நூல் நிலையம் இருக்கிறது. அமெரிக்காவில் செய்த குளியல் தொட்டிகூட இருக்கிறது!

இவை எல்லாம் மலைமேல் எப்படி வந்தன? ஹில்டன் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. பள்ளத்தாக்கில் தங்கம் கிடைக்கிறது. வெளியே உள்ள மலைவாசிகள் சாமான்களைச் சுமந்துவந்து கொடுக்கிறார்கள். தங்கம் விலையாகப் போகிறது. அதாவது, ஊர் மறைந்திருந்தாலும் வியாபாரம் மறையவில்லை!

ஆனால் இன்னொன்றும் அந்தக் கதையில் உண்டு. உள்ளே வந்தவர்களைத் திரும்பப் போக விடமாட்டார்கள். போனால் ரகசியம் போய்விடும். அப்படியானால் அது ஊரா, சிறையா? பூட்டு இல்லாத ஊர் என்று சொல்லிவிட்டு, ஊரையே பூட்டி வைப்பது என்ன நியாயம்? மறைந்திருப்பதற்கு இப்படி ஒரு விலை உண்டு.

இன்னொரு கதை. "சில்மரில்லியன்" என்ற நூல், அதை எழுதிய டோல்கீன் இறந்த பிறகு 1977-ம் ஆண்டு வெளிவந்தது. அதில் கோண்டோலின் என்ற நகரம் வருகிறது. சுற்றிலும் மலை. போகும் வழி ரகசியம். பல நூறு ஆண்டுகள் பகைவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த நகரம் எப்படி விழுந்தது? அரசனின் மருமகன் உலோகம் தோண்டுவதில் ஆசை உள்ளவன். அரசன் போட்ட தடையை மீறி மலைக்கு வெளியே தோண்டப் போனான். பகைவர் கையில் சிக்கினான். பயமுறுத்தலுக்கும் ஆசை வார்த்தைக்கும் பணிந்து வழியைச் சொல்லிவிட்டான். நகரம் தீக்கு இரை ஆயிற்று.

காவல் சரியாகத்தான் இருந்தது. மதிலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த ஒருவனின் ஆசைக்கு மதில் போட முடியவில்லை.

மணப்பெண்ணின் கொண்டை

பெண் எடுப்பதிலும் கொடுப்பதிலும் என்ன ஆபத்து? அதற்கும் பட்டிலேயே ஒரு கதை இருக்கிறது.

பட்டுப்புழு வளர்க்கும் ரகசியத்தைச் சீனா வெகுகாலம் வெளியே விடவில்லை. பட்டை விற்றார்கள். புழுவை விற்கவில்லை.

பக்கத்தில் கோட்டான் என்று ஒரு சிறு நாடு. அதன் அரசன் சீன நாட்டு இளவரசியைப் பெண் கேட்டான். "எங்கள் ஊரில் பட்டு கிடையாது. உனக்குப் பட்டு உடை வேண்டுமானால் அதற்கு வேண்டியதைக் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினான். எல்லையில் காவலர்கள் எல்லாவற்றையும் சோதனை போட்டார்கள். இளவரசியின் தலை அலங்காரத்தை மட்டும் தொடத் துணியவில்லை. பட்டுப்புழுவின் முட்டையும் முசுக்கொட்டை விதையும் அதற்குள் இருந்தன!

இந்தக் கதையை எழுதி வைத்தவர் யுவான் சுவாங் என்ற சீன யாத்திரிகர். காஞ்சீபுரத்தைப் பற்றியும் எழுதி வைத்தவர் அவரே. 7-ம் நூற்றாண்டில் தென்னாட்டுக்கு வந்தவர்.

மேற்கே போன வழியும் இதே மாதிரிதான். 6-ம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் என்ற ரோமப் பேரரசரிடம் துறவிகள் சிலர் பட்டுப்புழு முட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூங்கில் தடிக்குள் ஒளித்துக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள்.

அத்தனை பெரிய சீனப் பேரரசால் ஒரு புழுவை ஒளித்து வைக்க முடியவில்லை. ஒரு சின்ன ஊர் தன்னையே ஒளித்து வைப்பது எப்படி?

கல்யாணம் நடக்கும் இடத்தில் ரகசியம் நிற்காது. கல்யாணமே வேண்டாம் என்றால் ஊரே நிற்காது.

நிஜமாகவே இருந்த ஊர்

சரி, கதை போகட்டும். நிஜத்தில் அப்படி ஓர் இடம் இருந்ததா?

தமிழ்நாட்டிலேயே இருந்தது. நீலகிரி மலையின் உச்சியில், தோடர்கள் வாழ்ந்த மந்துகள்!

மந்து என்றால் தோடர்களின் சிறு குடியிருப்பு. ஒரு மந்தில் சில வீடுகளே இருக்கும். கூண்டு வண்டியின் கூரைபோல் வளைந்த வீடு. குனிந்து, தவழ்ந்து போகவேண்டிய சின்ன வாசல். வீட்டைச் சுற்றி எருமைகள். பாலும் நெய்யும்தான் செல்வம். மாமிசம் சாப்பிடாத மக்கள். போர் செய்யும் ஆயுதம் அவர்களிடம் இல்லை. சடங்குக்கு ஒரு வில்லும் தடியும் உண்டு. அவ்வளவுதான்.

ஜனத்தொகையும் அதிகம் இல்லை. 1901-ம் ஆண்டு வாக்கில் சுமார் 800 பேர்.

இது அசல் கதைப் புத்தகத்து ஊர்போல் இருக்கிறது அல்லவா? அந்த நாலு கேள்விகளையும் இந்த ஊரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இரும்பும் பானையும் எங்கே இருந்து வந்தன? கோத்தர்களிடம் இருந்து வந்தன. கோத்தர்கள் அதே மலையில் வாழும் கைத்தொழில்காரர்கள். தோடர் வீட்டுச் சாவுக்கு வாத்தியம் வாசிக்கவும் அவர்களே வந்தார்கள். தானியம் எங்கே இருந்து வந்தது? மலையில் பயிர் செய்த படுகர்களிடம் இருந்து வந்தது. தேனும் காட்டுப் பொருளும்? குறும்பர்களிடம் இருந்து வந்தன. பதிலுக்குத் தோடர்கள் நெய்யும் எருமையும் கொடுத்தார்கள்.

காஞ்சீபுரத்து நெசவாளர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. தோடர்கள் போர்த்துக்கொள்ளும் போர்வை மிகவும் அழகானது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. பூவேலை செய்வது தோடர் பெண்கள். ஆனால் துணியை அவர்கள் நெய்வது இல்லை! வெளியே இருந்துதான் வாங்குகிறார்கள். மேகத்துக்குள் மறைந்திருந்த மலையிலும், யாரோ ஒரு நெசவாளரின் துணி போய்ச் சேர்ந்திருந்தது.

ஆயுதம் இல்லாமல் எப்படிப் பிழைத்தார்கள்? கோத்தரை அடித்தால் நாளைக்கு அரிவாள் செய்து தர ஆள் இல்லை. தோடரை அடித்தால் நெய் இல்லை. ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை. அதுதான் அவர்களுடைய மதில்.

எல்லாம் பாலும் தேனுமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. குறும்பர்கள் சூனியம் வைப்பார்கள் என்று மற்றவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தால் குறும்பர்கள் சிலர் கொல்லப்பட்ட கொடுமையும் 19-ம் நூற்றாண்டில் நடந்தது. நிஜமான அமைதியில் இப்படிப்பட்ட கறையும் இருக்கும். கறையே இல்லாத ஊரைக் காட்டும் கதை எதையோ மறைக்கிறது என்று அர்த்தம்.

யாருக்கும் தெரியாத மலையா?

தோடர்கள் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தார்களா? அதுவும் இல்லை.

1117-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனின் தளபதி புணிசன், தோடர்களைப் பயமுறுத்தியதாக அதில் பெருமை பேசுகிறது. ஆக, 900 ஆண்டுகளுக்கு முன்பே அரசர்களுக்கு அவர்களைத் தெரியும்.

1603-ம் ஆண்டில் மலையாளக் கரையில் இருந்து பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலை ஏறினார். மலைமேல் கிறிஸ்தவர்கள் மறைந்து வாழ்கிறார்கள் என்று ஒரு வதந்தி. அவர்களைத் தேடித்தான் போனார். அங்கே கிறிஸ்தவர்கள் இல்லை. எருமை மேய்க்கும் தோடர்கள் இருந்தார்கள். பாதிரியார் பார்த்ததை எழுதி வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அதன் பிறகு 200 ஆண்டுகள் யாரும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. ஏன்? மலை செங்குத்தானது. அடிவாரக் காட்டில் விஷக் காய்ச்சல். மேலே போனால் குளிர். அள்ளிக்கொண்டு வரத் தங்கமோ முத்தோ இல்லை. தெரிந்தவர்களும், "போய் என்ன ஆகப்போகிறது?" என்று விட்டுவிட்டார்கள்.

1819-ம் ஆண்டு கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினார். அவருக்குத் தங்கம் தேவைப்படவில்லை. அந்தக் குளிர்தான் பிடித்தது! வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் இருந்து தப்ப ஓர் இடம் வேண்டி இருந்தது. சில ஆண்டுகளில் பங்களா வந்தது. சாலை வந்தது. பிறகு காப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம். தோடர்களின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. அந்த நிலம் தோடர்களுடையது என்று சல்லிவனே வாதாடினார். ஆனால் வாசலைத் திறந்தவரால் கூட்டத்தைத் தடுக்க முடியவில்லை.

மலை அதே மலைதான். காடு அதே காடுதான். மாறியது என்ன? வெளியே இருந்தவர்களின் ஆசை. மேலே இருந்த ஒன்றின்மேல் ஆசை பிறந்த அன்றைக்கு மறைவு முடிந்தது.

தோடர்கள் இன்றும் நீலகிரியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பூவேலைக்கு 2013-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெருமாள் ஒளிந்த காடு

காஞ்சீபுரத்துக்கே ஒரு மறைவிடத்தின் கதை உண்டு.

1688-ம் ஆண்டு வாக்கில், மொகலாயப் படை வருகிறது என்ற பயம் ஊரைப் பிடித்தது. வரதராஜப் பெருமாளின் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். சந்தேகம் வராமல் இருக்க, பிணத்தை எடுத்துப் போவதுபோல் மூடி எடுத்துப் போனதாகச் சொல்வது உண்டு. தெற்கே உடையார்பாளையத்துக் காட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அது இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

அங்கே காத்தது வெறும் காடா? இல்லை. உடையார்பாளையத்துப் பாளையக்காரர் இருந்தார். அவருக்கு ஆள் கட்டு இருந்தது. அவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டார். காடு பாதி காத்தது. மனிதர் பாதி காத்தார்.

ஆபத்து நீங்கியது. திருமேனியைத் திரும்பக் கேட்டார்கள். பாளையக்காரருக்குக் கொடுக்க மனம் இல்லை! இத்தனை ஆண்டு வைத்துக் கும்பிட்ட தெய்வத்தை யாருக்குத்தான் விட மனம் வரும்? ஆத்தான் ஜீயர் என்ற துறவி முயற்சி எடுத்தார். அவருடைய சீடர் தோடர்மால். ஆர்க்காட்டு நவாபின் கீழ் இருந்த தளபதி. அவர் தலையிட்ட பிறகே, 1710-ம் ஆண்டு பெருமாள் காஞ்சீபுரம் திரும்பினார். அதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. தோடர்மால் கைகூப்பி நிற்கும் சிலையும் இருக்கிறது.

மொகலாயப் படைக்குப் பயந்து போன பெருமாள், நவாபின் தளபதி ஒருவரின் துணையால் திரும்பி வந்தார். யார் பகைவர், யார் காவலர் என்பது அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிடக் கூடியது அல்ல.

பங்காரு காமாட்சி அம்மனோ திரும்பவே இல்லை. அம்மனின் தங்கத் திருமேனி உடையார்பாளையம் வழியாகத் தஞ்சாவூர் போயிற்று. இன்றும் தஞ்சாவூரில்தான் இருக்கிறது. மறைவிடம் என்று போன இடமே வீடாகிவிட்டது.

ஒளியப் போகிறவர் இதையும் யோசிக்கவேண்டும். ஒளிவது சுலபம். திரும்புவதுதான் கஷ்டம்.

தெரிந்தும் தொடாதது

அதே கோயிலில் அத்தி வரதர் இருக்கிறார். அத்தி மரத்தால் ஆன பெருமாள். அனந்த சரஸ் குளத்தின் தண்ணீருக்குள் இருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே வருகிறார். 1979-ம் ஆண்டு வந்தார். பிறகு 2019-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் ஆகஸ்டு 17-ந் தேதி வரை 48 நாள் தரிசனம் கொடுத்தார். ஜனவெள்ளம் காஞ்சீபுரம் தெருக்களில் பொங்கி வழிந்தது. அதன் பிறகு மறுபடியும் தண்ணீருக்குள் போய்விட்டார்.

அவர் எங்கே இருக்கிறார் என்பது ரகசியமா? சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். குளம் ஊர் நடுவே கோயிலுக்குள் இருக்கிறது. ஆனாலும் 40 ஆண்டுகள் யாரும் தொடுவது இல்லை. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் விட்டு வைக்கிறார்கள்.

உண்மையான மறைவு இதுதான். யாருக்கும் தெரியாமல் இருப்பது மறைவு அல்ல. தெரிந்தவர்கள் எல்லோரும், "அது அங்கேயே இருக்கட்டும்" என்று சம்மதிப்பதுதான் மறைவு. கோட்டை மதிலைவிட அந்தச் சம்மதம் பெரிய காவல்.

கதைதானே என்று விடலாமா?

"கதைதானே! இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி? பிள்ளைகள் சந்தோஷமாகக் கேட்டுவிட்டுத் தூங்கட்டுமே!" என்று சிலர் கேட்கலாம்.

கேட்பது நியாயம்தான். பறக்கும் குதிரை எப்படிப் பறக்கிறது என்று யாரும் கணக்குக் கேட்பது இல்லை. பேசும் கிளி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று கேட்பது இல்லை.

ஆனால் அமைதியான ஊர் என்பது பறக்கும் குதிரை அல்ல. அது எல்லோரும் ஆசைப்படும் வாழ்க்கை. பிள்ளைகள் அந்தக் கதையில் இருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். "வெளியே இருப்பவன் கெட்டவன். கதவைச் சாத்தினால் அமைதி வரும்" என்ற பாடம் மனதில் பதிந்துவிட்டால், அது பெரியவர்கள் ஆன பிறகும் போகாது. தெருவுக்குத் தெரு மதில் எழுப்பச் சொல்லும். வெளியூர்க்காரனைக் கண்டால் முகத்தைத் திருப்பச் சொல்லும்.

காஞ்சீபுரம் அப்படி வாழ்ந்த ஊர் அல்ல. அது திறந்த ஊர். சைவரும் வைணவரும் சமணரும் பௌத்தரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாதம் செய்த ஊர்.

திறந்த ஊர் என்பதால் படைகளும் வந்தன. 8-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சீபுரத்தைப் பிடித்தான். பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் பரம்பரைப் பகை. ஊரைக் கொளுத்தி இருக்கலாம். ஆனால் அவன் கைலாசநாதர் கோயிலைப் பார்த்தான். கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அவன் வெட்டிய கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயில் தூணில் இன்றும் இருக்கிறது.

அன்றைக்குக் காஞ்சீபுரத்தைக் காத்தது மறைவா? இல்லை. பகைவனும், "இது அழியக்கூடாது" என்று நினைக்கும்படி ஒன்றைச் செய்து வைத்திருந்ததுதான் காத்தது. எல்லாப் படையும் அப்படி நடக்காது என்பது உண்மை. ஊர் அடிபட்ட காலமும் உண்டு. ஆனால் அடிபட்ட பிறகும் ஊர் எழுந்தது. ஏன்? நூல் கொடுப்பவரும் சேலை வாங்குபவரும் வெளியே இருந்தார்கள். அவர்களுக்கு இந்த ஊர் வேண்டி இருந்தது.

அதனால், மறைந்திருக்கும் ஊரைப் பற்றிக் கதை சொல்லுகிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். கூடவே ஒரு கதவையும் வைக்கட்டும். அந்தக் கதவுக்கு வெளியே, ஊருக்கு வேண்டியவர் ஒருவரை வைக்கட்டும். அவர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதைச் சொல்லட்டும். அங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது.

உப்புக்காரர் வருகிறார்

மறுநாள் ராத்திரி. அதே வீடு. அதே ஆயா. பேரன் கேள்வியை மறக்கவில்லை.

"உப்பு எங்கே இருந்து வரும்னு நீ சொல்லவே இல்லையே?"

ஆயா பகல் எல்லாம் ராட்டை சுற்றியபடி யோசித்து வைத்திருக்கிறார்.

"மாசத்துக்கு ஒரு தரம் ஒரு உப்புக்காரர் வருவார்டா. கழுதைமேலே மூட்டை ஏத்திக்கிட்டு வருவார். அவருக்கு மட்டும் வழி தெரியும்."

"அவர் ராஜாகிட்டே போய்ச் சொல்லிட்டா?"

"சொல்லமாட்டார்."

"ஏன்?"

"ஒரு மழைக்காலத்திலே அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. பிழைக்காதுன்னு எல்லாரும் கைவிட்டுட்டாங்க. அந்த ஊருக்காரங்கதான் பத்து நாள் வீட்டிலே வச்சுப் பார்த்துப் பிழைக்க வச்சாங்க. அந்தப் பிள்ளைதான் இப்போ கழுதை ஓட்டிக்கிட்டு அவர் பின்னாலே வருது. அவர் எப்படிடா சொல்லுவார்?"

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திருப்தியாகத் தலையை ஆட்டினான்.

"அப்போ சரி. அந்த ஊர் இருக்கும்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.